ராசிப் பறி

என் பறியை ராசிப் பறி என்று முதலில் சொன்னது ஊர். நான் சும்மா சிரித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். சிரித்ததே தப்பு என்று இன்றைக்கு யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். அப்போது சொல்லியிருந்தால் சொன்னவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். இந்த ஜமுனாவின் வாயைப் பற்றி எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பனை ஓலையில் முடைந்த பை அது. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற எங்களுக்கு அதுதான் எல்லாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கழுத்து வரை குந்தி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வோம். இரண்டு கையும் சேற்றில் இருந்தால் பறியை எதனால் பிடிப்பது? பல்லால்தான். விளிம்பைக் கடித்துக்கொண்டால் பறி நெஞ்சுக்கு முன்னால் மிதந்து வரும். இறால் விரலில் பட்டதும் அமுக்கிப் பிடித்து உள்ளே போடுவோம். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் நான் பேசாமல் இருக்கிற ஒரே இடம் ஏரிதான் என்று என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் சொல்வார். அவர் வலைக்குப் போகிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் இப்படித்தான் ஏதாவது பேசுவார்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை, தடவின இடமெல்லாம் வெறும் சேறு என்றால், நிறையப் பிடித்தவளிடம் போய் அவள் பறியைக் கேட்பாள். வாங்கி வாயில் கவ்விக்கொண்டு நாலு இடம் துழாவுவாள். இரண்டு இறாலாவது விழுந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பறிக்கு மாறிக்கொள்வாள். அந்த இரண்டு இறால் பறிக்காரிக்கு. கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, சொன்னால் ஏரி கோபித்துக்கொள்ளும். என் பறியைக் கேட்காத நாளே கிடையாது. இங்கே கொடு, அங்கே கொடு என்று அது கைமாறிக்கொண்டே இருக்கும்.

எச்சில் பார்க்காத ஜனம் என்று எங்களை நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் முதுகில் ஒன்று விழும். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒருவர் கடித்த மாங்காயை இன்னொருவர் தொட மாட்டோம். பறிக்கு மட்டும் எச்சில் கிடையாது. உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற பொருளில் என்ன எச்சில் நிற்கும் என்பது எங்கள் நினைப்பு. அது தப்பான நினைப்பு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

என் மகன் பிரகாஷுக்கு இருபத்தொரு வயது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கப்பல் பைத்தியம். பொன்னேரியில் ஐடிஐ படித்துவிட்டு, யாரிடமும் சிபாரிசு கேட்காமல், சரக்குக் கப்பல் வேலைக்குத் தானே விண்ணப்பம் போட்டான். எழுத்துத் தேர்வில் பாஸ். நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள், அதிலும் பாஸ். பொங்கல் கழிந்த வாரம் கடிதம் வந்தது. பங்குனி இருபத்தெட்டாம் தேதி சென்னையில் மெடிக்கல். அதில் தேறிவிட்டால் பயிற்சிக்கு அனுப்பி, அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். எங்கள் குப்பத்தில் அதுவரை யாரும் கப்பல் வேலைக்குப் போனதில்லை.

"இன்னாடா பாப்பாங்க மெடிக்கல்ல?" என்று கேட்டேன்.

"கண்ணு, காது, நெஞ்சு, எல்லாம் பாப்பாங்கம்மா."

"உனுக்கு இன்னா கொறை? கல்லு மாதிரி கீற."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷம்தான், வேறென்ன.

அடுத்த வாரம் மனோரமாவின் சின்னவன் விமலுக்குக் கன்னம் வீங்கியது. மனோரமா என் பக்கத்து வீடு, ஏரியில் என் கூட்டாளி. பையன் மூன்றாம் வகுப்பு. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் பன் ரொட்டி வைத்த மாதிரி உப்பியிருந்தது. பொன்னுக்கு வீங்கி. பள்ளிக்கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இருந்ததாம். மனோரமா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, யாரிடமோ இரவல் வாங்கிய தங்கச் சங்கிலியைப் பையன் கழுத்தில் போட்டுவிட்டாள்.

நர்ஸ் நந்தினி ஸ்கூட்டியில் வந்தது. சின்னப் பெண்தான், ஆனால் எல்லார் வீட்டுக்கும் ஏறி இறங்கும். தெருக் குழாயடியில் எங்களை நிற்கவைத்துச் சொன்னது.

"வீங்கின நாள்லேர்ந்து அஞ்சு நாள் புள்ளைங்கள வெளிய விடாதீங்க. எச்சிலு, இருமலு, தும்மல் இதுலதான் பரவுது. தம்ளர், தட்டு, துண்டு எல்லாம் தனியா வெச்சிக்குங்க. வீங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும், அதனால வீக்கம் இல்லன்னு அலட்சியமா இருக்காதீங்க. சின்னப் பசங்களுக்கு வந்தா பெரும்பாலும் தானா போயிடும். பெரியவங்களுக்கு வந்தா கொஞ்சம் பேஜாரு. அபூர்வமா காது கூடப் போயிடும்."

மற்றவர்கள் எதைக் கேட்டார்களோ தெரியாது. என் தலையில் காது என்ற ஒரு சொல்தான் நின்றது. பிரகாஷுக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததே இல்லை.

அன்றிலிருந்து என் வீட்டில் மிலிட்டரி சட்டம். பிரகாஷுக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு, தனித் துண்டு. அவன் துண்டை அவன் நைனா தெரியாமல் எடுத்துத் துடைத்துவிட்டார் என்று அந்த மனிதரை நான் பேசாத பேச்சு இல்லை. அவருக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, இனிமேல் வராது என்று நந்தினி சொன்ன பிறகுதான் விட்டேன். தெருவில் யார் தும்மினாலும் கதவைச் சாத்தினேன். பிரகாஷ் சிரித்தான். "எம்மா, என்னை டப்பாவுல போட்டு மூடி வெச்சிடு" என்றான். முடிந்தால் அதையும் செய்திருப்பேன்.

விமலுக்கு வீக்கம் வடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். பையன் செல்லில் விளையாட பிரகாஷைத் தேடி வீட்டுக்குள் வந்துவிட்டான். நான் ஏரியிலிருந்து வருகிறேன், இரண்டு தலையும் ஒரு செல்லின் மேல் குனிந்திருக்கிறது. பையனைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். மனோரமா ஓடி வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"உன் புள்ளைய கட்டிப் போட முடியாதா? ஊருக்கு நோவைக் கொண்டாந்தது பத்தாதுன்னு எம்புள்ள பொழப்புல மண்ணு போட அனுப்பறியா?" என்றேன்.

"அஞ்சு நாளுதான்னு நர்ஸம்மா சொல்லிச்சேக்கா. பத்து நாளு ஆயிடுச்சே" என்றாள்.

"நர்ஸம்மா வந்து எம்புள்ளைக்கு வேல வாங்கித் தருமா?"

அவள் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, உண்மையைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு மனோரமா என்னோடு பேசவில்லை. ஏரியிலும் தள்ளியே இறங்கினாள். என் பறியையும் கேட்கவில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். தேவிக்கு ஒரு வாரமாக ஒன்றும் சிக்காமல் என் பறியை இரண்டு நாள் வாங்கினாள். மூன்றாம் நாள் அவள் ஏரிக்கு வரவில்லை, கன்னம் வீங்கிவிட்டது. அவள் மகளும் விமலும் ஒரே வகுப்பு. பாவம் என்று பேசிக்கொண்டோம். பறியைக் கவ்விக்கொண்டு இறங்கினோம். இரண்டு வாரம் கழித்து முனியம்மாள் படுத்தாள். அடுத்து கலைவாணி. பொம்பளைகள் வாடைக் காற்று என்றார்கள், ஏரியில் கெட்ட தண்ணீர் கலந்துவிட்டது என்றார்கள். நான் மட்டும் மனோரமா வீட்டைக் காட்டிப் பேசினேன். "எல்லாம் அங்கேர்ந்து வந்ததுதான்" என்று ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊரின் வாயே நான்தான்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் உடம்பு வலித்தது, தலை கொஞ்சம் கனத்தது. தண்ணீரில் கிடக்கிறவளுக்கு உடம்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன். "ஜமுனாகிட்ட அது வருமா? அவ வாய்க்குப் பயந்துக்கினு ஓடிடும்" என்று கரையில் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாரமும் பறியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். ராத்திரி வழக்கம்போலப் பிரகாஷுக்கு என் தட்டிலிருந்து ஒரு கவளம் உருட்டிக் கொடுத்தேன். தனித் தட்டு, தனித் தம்ளர் என்று கூத்தடித்தவள், அந்த ஒரு கவளத்தை மட்டும் விடவில்லை. குழந்தையிலிருந்து அவன் என் கையால் ஒரு வாய் வாங்காமல் சாப்பாட்டை முடித்ததில்லை.

பங்குனி பிறந்த மூன்றாம் நாள் காலையில் பிரகாஷ் இட்லியை மெல்ல முடியவில்லை என்றான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. இடது காதுக்குக் கீழே கல் மாதிரி இருந்தது.

நந்தினி வந்து பார்த்தது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தது, இதற்கென்று தனி மருந்து இல்லை, ஓய்வுதான் என்றது. இருபத்தைந்து நாள் இருக்கிறது, மெடிக்கலுக்குள் வடிந்துவிடும் என்றது. எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு நோட்டை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தது.

"வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?"

"ஒரு ஈ காக்கா உள்ள வரலியே. அந்த மனோரமா புள்ளதான் ஒரு நாளு வந்துச்சி."

"அது ஒரு மாசம் ஆச்சுக்கா. அதுவும் அவனுக்குச் சரியானதுக்கு அப்பறம். அவங்கிட்டேர்ந்து வர வாய்ப்பில்ல. உங்களுக்கு ஏதாவது இருந்துச்சா? ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி?"

"எனுக்கா? எனுக்கு இன்னாத்துக்கு வருது? ரெண்டு நாளு ஒடம்பு வலி, அவ்ளோதான்."

நந்தினி எழுதுவதை நிறுத்தியது. "சில பேருக்கு வீங்காமயே வந்துட்டுப் போயிடும்க்கா. வந்ததே தெரியாது. ஆனா அவங்ககிட்டேர்ந்து மத்தவங்களுக்குப் பரவும்."

"இன்னா சொல்ற நீ?" என்று எகிறினேன். அது நோட்டை மூடிக்கொண்டு போனது.

இரண்டு நாள் கழித்து நாங்கள் ஏரியிலிருந்து கரையேறுகிற நேரத்துக்கு நந்தினி வந்து நின்றது. கடைசியாக ஒருத்தி என் பறியை வாயிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கி, கை இரண்டிலும் சேறு இருந்ததால் பழக்கத்தில் பல்லில் கவ்விக்கொண்டேன். நந்தினி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது யார் பறிக்கா?" என்று கேட்டது.

"என்துதான். ராசிப் பறி. கேக்கறவங்களுக்குக் குடுப்பேன்" என்றேன். சொல்லும்போது பெருமைகூட இருந்தது.

"தேவி வாங்கினாங்களா? எப்போ?"

சொன்னேன். முனியம்மாள் எப்போது, கலைவாணி எப்போது என்று கேட்டது. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். ஒவ்வொரு விரலையும் மடக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தேவி வாயில் இருந்த பறியை நானும் முனியம்மாளும் கலைவாணியும் கவ்வியிருக்கிறோம். எனக்கு வீங்காமல் வந்து போயிருக்கிறது. வந்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்.

"உப்புத் தண்ணி பட்டா எச்சில் போயிடாதா நர்ஸம்மா?" என்று கேட்டேன்.

"வாயிலேர்ந்து எடுத்து உடனே அடுத்தவங்க வாயில வெச்சா எப்படிக்கா போகும்?" என்றது. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன்.

நந்தினி யார் பெயரும் சொல்லாமல், இனிமேல் யாரும் யார் பறியையும் வாயில் வைக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொன்னது. அவரவர் பறி அவரவர் வாய் என்றது. கூட்டத்தில் மனோரமாவும் நின்றாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரைக் கூட்டிப் பேசுகிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. ஜனங்கள் நோவு மனோரமா பிள்ளையிடமிருந்துதான் வந்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

வீங்கிய நாலாம் நாள் பிரகாஷுக்குத் தலை சுற்றியது. எழுந்து நின்றால் சுவரைப் பிடித்தான். இடது காதில் ங்ஙொய் என்று ஒரு சத்தம் ஓயாமல் கேட்கிறது என்றான். அன்றைக்கே பொன்னேரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே காது டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்து, திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார். வீக்கம் வடிந்தது. சத்தமும் நின்றது. காது திரும்பிவிட்டது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அவன் செல்லை வலது காதில் மட்டும் வைத்துப் பேசுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாத சாமி இல்லை. பள்ளிவாசலுக்கும் போய் ஓதிய தண்ணீர் வாங்கிவந்தேன்.

பங்குனி இருபத்தெட்டு. சென்னை. ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் மெடிக்கல். கண் பார்த்தார்கள், நெஞ்சு பார்த்தார்கள், ஓடச் சொன்னார்கள். எல்லாம் தேறினான். கடைசியாகக் காது. சின்னக் கண்ணாடி அறை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பக்கவாட்டில் அவன் தோளும் கைகளும் தெரிந்தன. இரண்டு காதிலும் வைத்துக் கேட்கிற மாதிரி ஒன்றை மாட்டினார்கள். வலது காதில் சத்தம் வந்தால் வலது கை, இடது காதில் வந்தால் இடது கை தூக்க வேண்டும்.

வலது கை தூக்கினான். மறுபடி தூக்கினான். சின்னச் சின்ன இடைவெளியில் ஏழெட்டுத் தடவை தூக்கினான். பிறகு கை இறங்கியது. சோதிக்கிற அம்மா எதிரே உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். இடது கை தொடையிலேயே கிடந்தது. தூக்குடா என்று வாய்க்குள் சொன்னேன். தூக்குடா ராஜா. பொய்யாவது தூக்குடா. அந்த அம்மா அழுத்தினாள், எழுதினாள், அழுத்தினாள், எழுதினாள். அவன் கை அசையவில்லை. என் மகன் பொய் சொல்லத் தெரியாதவன், அன்றைக்கு அதற்காக அவன்மேல் எனக்குக் கோபமே வந்தது.

"இடது காது சுத்தமா கேக்கலம்மா. இதை வெச்சிக்கிட்டுக் கப்பலுக்கு அனுப்ப முடியாது" என்றார் டாக்டர். நல்ல மனிதர். தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது பொன்னேரிக்குப் போகிற மின்சார ரயிலில் ஏறினோம். கூட்டம். மீஞ்சூர் வரும் முன்பு உட்கார இடம் கிடைத்தது. அவன் நடுவில், நான் அவனுக்கு இடது பக்கம், வலது பக்கம் பூக்கூடையோடு ஒரு பெண். அவன் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அழவில்லை. காலையிலிருந்து என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எங்கிட்டேர்ந்துதாண்டா உனுக்கு வந்துச்சி. என் பறியால வந்துச்சி. எனுக்கு வந்தது எனுக்கே தெரில. தெரிஞ்சப்பறமும் உங்கிட்ட சொல்லல. விமலு மேல பழி போட்டேன். எல்லாம் நான்தான்."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் மாறவில்லை. வெறுத்துவிட்டான், இனி என்னோடு பேச மாட்டான் என்று நினைத்தேன். பிறகுதான் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அவனுக்கு நான் பேசியதே தெரியவில்லை.

ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்காதது என் குற்றமா என்று மனம் வக்காலத்து வாங்கியது. நான் அவ்வளவு மோசமானவள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அனுப்பம்பட்டில் பூக்கூடைக்காரி இறங்கினாள். நான் எழுந்து போய் அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். என்ன என்பது மாதிரி பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தே முழுவதையும் திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை பறி, கவளம், கரையில் வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்றையும் விடவில்லை.

அவன் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. காலையில் டாக்டர் சொன்னபோது வராத கண்ணீர்.

"மனோரமா அத்தைகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இல்லடா."

"எறங்கினதும் மொதல்ல அங்க போலாம்."

"சரிடா."

"நானும் வரேன். நீ தனியா போனா மன்னிப்பு கேக்கப் போயி மறுபடியும் சண்ட போட்டுட்டு வருவ."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பொன்னேரி வரும்வரை அழுதேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.